பட்டறைச் சாவி யார் கையில்?

பொறியியல் கல்லூரிகளின் மாணவர் கிளப்புகள் ஆண்டு முடிவில் ஓர் அறிக்கை போடும். ரோபாட்டிக்ஸ் கிளப், பந்தயக் கார் அணி, ட்ரோன் அணி என எதுவானாலும் அறிக்கையின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முதல்வரின் வாழ்த்து, ஸ்பான்சர்களுக்கு நன்றி, அந்த ஆண்டு செய்த இயந்திரம், வாங்கிய பரிசு, கடைசியில் ‘அவுட்ரீச்’ என்ற தலைப்பில் சில பக்கங்கள். நான் இயந்திரவியல் படித்தவள், தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். இப்படிப்பட்ட கிளப்புகளின் திட்டங்களை மதிப்பிட அவ்வப்போது என்னை அழைப்பார்கள். அறிக்கை முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். ஒரு கதையை வாசிப்பதுபோல் அதை வாசிப்பேன். யார் எந்தப் பக்கத்தில் வருகிறார்கள், எந்த வினைச்சொல் யாருடைய பெயரோடு சேர்கிறது என்று பார்ப்பேன்.

இயந்திரத்தைப் பற்றிய பக்கங்களில் கிரீஸ் படிந்த சட்டையோடு பையன்கள் நிற்பார்கள். படத்துக்குக் கீழே வரும் வினைச்சொற்கள்: வடிவமைத்தார், வெல்டிங் செய்தார், பொருத்தினார், ஓட்டினார். அதே அணியில் இருக்கும் பெண்களுக்கு வேறு வினைச்சொற்கள்: ஒருங்கிணைத்தார், தொகுத்தார், வரவேற்றார், நன்றி கூறினார். அவுட்ரீச் பக்கத்துக்கு வந்தால் படம் தலைகீழாகும். அரசுப் பள்ளி வகுப்பறை, தரையில் விரித்த வெள்ளை சார்ட், அதில் கறுப்பு டேப், டேப்பைப் பின்தொடரும் சின்ன ரோபோ, அதைச் சுற்றிக் குனிந்திருக்கும் சிறுமிகள், நடுவில் கிளப் டி-ஷர்ட் போட்ட நான்கைந்து கல்லூரிப் பெண்கள். பின்னால் ஒரு பேனர், பெண் குழந்தைகளைப் பொறியியலுக்கு அழைக்கும்.

நான் கேட்பது இதுதான். சிறுமிகளைப் பொறியியலுக்கு அழைக்கும் வேலையைப் பெண்களிடம் கொடுத்துவிட்டு, பொறியியல் செய்யும் வேலையை ஆண்களிடம் வைத்துக்கொள்ளும் ஒரு கிளப், அந்தச் சிறுமிகளை எந்த இடத்துக்கு அழைக்கிறது?

இதைத் தற்செயல் என்பார்கள். அது எப்படி நடக்கிறது என்று படிப்படியாகப் பார்க்கலாம். எனக்கு நன்றாகத் தெரிந்த பந்தயக் கார் அணிகளையே எடுத்துக்கொள்கிறேன். மாணவர்கள் தாங்களே ஒற்றை இருக்கைக் கார் ஒன்றை வடிவமைத்து, செய்து, ஓட்டிக் காட்டும் போட்டி 1981இல் அமெரிக்காவில் தொடங்கியது. இன்று உலகம் முழுக்க நடக்கிறது. நம் ஊரில் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் என்ற பெயரில் நடக்கிறது. இந்த வகைப் போட்டிகளில் மொத்தப் புள்ளிகள் 1000. காரை வைத்து ஒரு தொழில் தொடங்குவதாகப் பாவித்துப் பேசும் வணிக விளக்கத்துக்கு 75. செலவு, தயாரிப்புக் கணக்குக்கு 100. ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்?’ என்று நடுவர்கள் குடைந்து கேட்கும் வடிவமைப்புச் சுற்றுக்கு 150. மீதி 675 கார் ஓடுவதற்கு.

அணிப் பட்டியல்களை வாசிக்கும்போது பெண்களின் பெயர்களைத் தேட வேண்டியதே இல்லை. வணிக விளக்கம், செலவுக் கணக்கு, சமூக ஊடகம், ஸ்பான்சர் கடிதம் ஆகிய வரிகளுக்கு எதிரே இருக்கும். சொல்லப்படும் காரணமும் மாறாது: ‘பொண்ணுங்க நல்லா பேசுவாங்க, நீட்டா எழுதுவாங்க.’ பாராட்டுப்போல ஒலிக்கும் இந்த வாக்கியம் வேலையைப் பங்கு பிரித்துவிடுகிறது. வீட்டில் கணக்கு நோட்டும் விருந்தோம்பலும் யாரிடம் இருந்தனவோ, கிளப்பிலும் அவர்களிடமே வந்து சேர்கின்றன.

இந்தப் பங்கீட்டைத் தொடங்கி வைப்பது கடிகாரம். பகலில் கல்லூரிப் பட்டறை பாட வகுப்புகளுக்கு உரியது. லேத்தும் வெல்டிங் மேடையும் ஆய்வக வகுப்பு முடிந்த பிறகே கிளப்புக்குக் கிடைக்கும். போட்டி நெருங்க நெருங்க வேலை இரவுக்குப் போகும். நான் படித்த கல்லூரியில் மாணவியர் ஹாஸ்டல் கதவு மாலை ஆறரைக்கு மூடப்பட்டது. மாணவர் ஹாஸ்டலுக்கும் ஒரு நேரம் இருந்தது, காகிதத்தில். துறைத் தலைவரின் கடிதம், வார்டனின் கையெழுத்து, வீட்டிலிருந்து தொலைபேசி என்று மூன்றும் சேர்ந்தால் எனக்கு எட்டு மணிவரை அனுமதி கிடைக்கும். எட்டு மணிக்குத்தான் பையன்கள் சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்கு வருவார்கள்.

இரவுப் பட்டறையில் கைமாறுவது வெறும் உழைப்பு இல்லை. காரின் சட்டகம் உருக்குக் குழாய்களால் ஆனது. ஒரு குழாய் இன்னொன்றின் வளைவில் சரியாக உட்காரும்படி அதன் முனையை மீன் வாய்போல் வெட்ட வேண்டும். இடைவெளி விட்டால் பற்றவைப்பு நிற்காது. முதலில் எல்லா மூலைகளிலும் புள்ளி புள்ளியாக டேக் வைத்து, அளவு பார்த்து, பிறகு இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சமாக முழு வெல்டிங் வைக்க வேண்டும். ஒரே பக்கமாக வைத்துக்கொண்டே போனால் சூட்டில் உலோகம் இழுத்துக்கொள்ளும், சட்டகம் கோணும். பாடப் புத்தகத்தில் இது இரண்டு வரி. பட்டறையில் அது ஒரு சத்தம், ஒரு நிறம், கையை எந்த வேகத்தில் நகர்த்துவது என்ற பழக்கம். பக்கத்தில் நின்றவருக்குத்தான் அது வரும். நின்றவர் அடுத்த ஆண்டு இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பார். இந்த வரிசையில் எட்டு மணிக்குக் கிளம்பியவளுக்கு இடம் இல்லை.

பிறகு போட்டி வரும். வடிவமைப்பு நடுவர் சட்டகத்தைத் தொட்டு, இந்த இணைப்பு ஏன் இங்கே வந்தது என்பார். கணினியில் அதை வரைந்தவள் அவளாகவே இருக்கலாம். ஆனால் பட்டறையில் இரவோடு இரவாகக் குழாய் இடம் மாறியது அவளுக்குத் தெரியாது. பதில் சொல்ல ஒரு நொடி தயங்குவாள். பக்கத்தில் இருக்கும் பையன் பதில் சொல்வான். அந்த ஒரு நொடி அணியின் நினைவில் தங்கிவிடும். அடுத்த ஆண்டுப் பொறுப்புகளைப் பிரிக்கும்போது, ‘அவளுக்கு டெக்னிக்கல் அவ்வளவா வராது, பிசினஸ் பிளான் குடுங்க’ என்பார்கள். கதவை மூடியது ஹாஸ்டல். தகுதியில்லை என்று முத்திரை விழுந்தது அவள் மேல்.

கிளப்புக்குள் புழங்கும் உறவுமுறைச் சொற்களையும் கவனிக்க வேண்டும். சீனியர் பையன் ‘அண்ணா’. முதலாம் ஆண்டுப் பெண் ‘பாப்பா’ அல்லது பெயரோடு ஒரு ‘மா’. என் நான்கு ஆண்டுகளில் நான் அதிகம் கேட்ட வாக்கியம்: ‘நேரமாச்சு, நீ கிளம்புமா. நாங்க பாத்துக்கறோம்.’ சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்கள். அதனால்தான் எதிர்த்துப் பேச முடியவில்லை. அண்ணன் தங்கையைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புகிறான், வீட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்கிறான். எங்கள் பட்டறைச் சாவி ஒவ்வோர் ஆண்டும் ஒரு சீனியர் அண்ணனிடமிருந்து அடுத்த அண்ணனுக்குப் போனது. அணியின் பில்களையும் ரசீதுகளையும் மூன்று ஆண்டுகள் என்னிடம் நம்பிக் கொடுத்தார்கள். சாவியை ஒருநாளும் கொடுத்ததில்லை.

போட்டி விதிப்புத்தகமே இந்த அணிகளைவிட முன்னால் இருக்கிறது என்பது வேடிக்கை. காரின் ஓட்டுநர் இருக்கை, 100 பெண்களில் மிகச் சிறிய 5 பேரின் அளவிலிருந்து, 100 ஆண்களில் 95 பேரைவிடப் பெரியவரின் அளவுவரை எல்லா உடல்களுக்கும் பொருந்த வேண்டும் என்கிறது விதி. பெரிய ஆணுக்கு ஓர் உருமாதிரி உண்டு: இடுப்புக்கும் தோளுக்கும் 200 மில்லிமீட்டர் வட்டங்கள், ஹெல்மெட் போட்ட தலைக்கு 300 மில்லிமீட்டர் வட்டம். அதற்குப் ‘பெர்சி’ என்று ஆண் பெயரும் உண்டு. தொழில்நுட்பப் பரிசோதனையில் காருக்குள் உட்கார வைத்துப் பார்ப்பது பெர்சியைத்தான். விதியின் மறுமுனையில் இருக்கும் சிறிய பெண்ணை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அணிகள் பெர்சிக்கு இடம் விட்டுச் செய்கின்றன. பெடலுக்குக் கால் எட்டாத பெண்ணிடம், ‘உனக்கு ஹைட் பத்தல’ என்று சொல்லிவிடுகின்றன. பெடலையும் இருக்கையையும் முன்னே பின்னே நகர்த்தும்படி செய்வது பொறியாளர்களுக்குப் பெரிய காரியம் இல்லை. எடை குறைந்த ஓட்டுநரால் அணிக்கு லாபம் என்பதும் அவர்கள் படித்த இயற்பியல்தான்.

இனி அவுட்ரீச் பக்கத்துக்கு வருவோம். அந்த வேலையைச் சிறிய வேலை என்று நான் சொல்லவில்லை. அகச்சிவப்பு சென்சார் கறுப்பையும் வெள்ளையையும் எப்படிப் பிரித்தறிகிறது என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும், இடது சென்சார் கறுப்பைக் கண்டால் இடது சக்கரம் நிற்கும், அதனால் வண்டி இடது பக்கம் திரும்பும் என்று அவர்களுடைய கண்ணைப் பார்த்துக்கொண்டே படிப்படியாகச் சொல்ல வேண்டும். தனக்கே தெளிவாகப் புரிந்தால் ஒழிய அது முடியாது. ஆங்கிலத்தில் மனப்பாடமாக வந்த அறிவைத் தமிழுக்குக் கொண்டுவரும் இந்த உழைப்பும் பொறியியல்தான். ஆனால் கிளப் அப்படி நினைப்பதில்லை. வேலைக்கான நேர்முகத்தில் ‘சஸ்பென்ஷன் டிசைன் செய்தேன்’ என்பது கணக்கில் வரும். ‘20 பள்ளிகளுக்குப் போனேன்’ என்றால், நல்ல மனசு என்று ஒரு புன்னகை கிடைக்கும். சம்பளமில்லாத கவனிப்பு உழைப்புக்கு வீட்டில் என்ன மரியாதையோ, அதே மரியாதைதான் இங்கும்.

இப்படி ஒரு பள்ளிக்குப் போய்வந்த இளைய தோழி ஒருத்தி என்னிடம் சொன்னாள். ஆட்டம் முடிந்து ரோபோவைப் பெட்டியில் வைக்கும்போது ஒரு சிறுமி கேட்டிருக்கிறாள்: “அக்கா, இத நீங்கதான் செஞ்சீங்களா?” அந்த ரோபோவைச் செய்தது இரண்டு சீனியர் அண்ணன்கள். “நாங்க எல்லாரும் டீமா செஞ்சோம்டா” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சிறுமிக்கு அது போதுமான பதில். தோழிக்குப் போதவில்லை. “அது உள்ள ஒரு வயர் கழண்டிருந்தா எனக்கு மாட்டத் தெரியாதுக்கா” என்றாள்.

அந்தப் பெட்டியும் ஒரு பிரச்சினை. ரோபோ முடிந்த பொருளாக வருகிறது, முடிந்த பொருளாகத் திரும்பிப் போகிறது. பிள்ளைகள் சுவிட்சைத் தட்டலாம், கை தட்டலாம். யாரும் ஸ்குரூ டிரைவரைக் கையில் கொடுப்பதில்லை, ஒரு வயரைப் பிடுங்கிப் பார்க்கச் சொல்வதில்லை. விலை உயர்ந்தது, உடைந்துவிடும், அண்ணன்கள் திட்டுவார்கள். கிளப்பில் பெண்களுக்கு நடப்பது பள்ளியில் சிறுமிகளுக்கும் நடக்கிறது: தொடாமல் பாருங்கள். தொட முடியாதவர்கள் இன்னும் சிறியவர்களுக்குத் தொட முடியாத ஒன்றைக் காட்டிவிட்டு வருகிறார்கள்.

அந்தச் சிறுமிகள் இப்போது உண்மையிலேயே பொறியியலுக்கு வருகிறார்கள் என்பதால்தான் இது அவசரமான விஷயமாகிறது. தொழிற்கல்விப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் வந்தது. அவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2022 செப்டம்பரில், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான புதுமைப்பெண் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. சட்டமும் திட்டமும் அவளைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்துவிட்டன. கிளப் வாசலில் வேறு கணக்கு. உறுப்பினர் பங்குத் தொகை, டி-ஷர்ட்டுக்குப் பணம், போட்டிக்குப் போக ரயில் டிக்கெட், சொந்த லேப்டாப். நேர்காணல் ஆங்கிலத்தில். ‘ஏற்கெனவே என்ன புராஜெக்ட் செய்திருக்கிறாய்?’ என்பது முதல் கேள்வி. அவள் ஏழாம் வகுப்பில் பார்த்தது பெட்டிக்குள் திரும்பிப் போன ஒரு ரோபோவை மட்டுமே. சாதியும் வர்க்கமும் பாலினமும் தனித்தனிப் பாடங்களாகப் புத்தகத்தில் இருக்கும். அந்த நேர்காணல் மேசையில் மூன்றும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்.

‘அவர்களே விரும்பித்தானே அந்தப் பொறுப்புகளை எடுத்துக்கொள்கிறார்கள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் துறையை ஆராய்ந்து ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் எழுதிய நூல் 2002இல் வந்தது. அதன் தலைப்பே பூட்டியிருக்கும் கிளப் வீட்டைத் திறப்பது பற்றியது. 1995இல் அங்கே புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 சதவீதம். 2000இல் 42 சதவீதம். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பெண்களின் மூளையோ ஆர்வமோ மாறிவிடவில்லை. ஏற்கெனவே நிரல் எழுதிப் பழகியவருக்கே இடம் என்ற வழக்கத்தைப் பல்கலைக்கழகம் தளர்த்தியது. அனுபவம் இல்லாதவர்கள் தொடங்குவதற்குத் தனிப் பாதை போட்டது. விருப்பம் என்று நாம் சொல்வது பல சமயம் திறந்திருக்கும் கதவின் பெயர்தான்.

2016இல் சூசன் சில்பியும் அவருடைய சக ஆய்வாளர்களும் நான்கு அமெரிக்கக் கல்லூரிகளின் பொறியியல் மாணவர்கள் எழுதிய நாட்குறிப்புகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குழு வேலைகளிலும் தொழிற்பயிற்சியிலும் சவாலான பகுதி ஆண்களுக்கும், குறிப்பெடுப்பதும் ஒழுங்குபடுத்துவதும் பெண்களுக்கும் போய்ச் சேர்வதை அந்த நாட்குறிப்புகளில் கண்டார்கள். கடல் தாண்டி, ஹாஸ்டல் கதவு ஆறரைக்கு மூடாத ஊரிலும் இதே பங்கீடு. ஆகவே கதவைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. திறக்காமல் எதுவும் தொடங்காது என்று மட்டும் தெரியும்.

திறக்கச் சொன்னால் பாதுகாப்பு என்ற சொல் வந்து நிற்கும். 2024 டிசம்பரில் சென்னையில் ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே மாணவி மீது பாலியல் வன்முறை நடந்தது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் பயத்துக்கு நிர்வாகங்கள் கண்டுபிடிக்கும் மருந்து, பெண்களின் நேரத்தைச் சுருக்குவதாகவே இருக்கிறது. விளக்குக் கம்பமும் காவலாளியும் இரவுப் பேருந்தும் செலவு. கதவைப் பூட்டுவது இலவசம். இதற்கு எதிராகத்தான் 2015இல் டெல்லி மாணவிகள் ‘பிஞ்ச்ரா தோட்’, கூண்டை உடை என்று தெருவுக்கு வந்தார்கள். பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிமுறைகளும், பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவர் விடுதிக்கு இல்லாத பாகுபாடான விதிகளை மாணவியர் விடுதியில் வைக்கக் கூடாது என்கின்றன. விதி இருக்கிறது. பட்டறைக்குப் போகும் வழியில் விளக்கு இல்லை.

பெண்கள் மட்டுமே கொண்ட தனி அணி அமைப்பதைச் சில கல்லூரிகள் தீர்வாக முன்வைக்கின்றன. அந்த அணிகளில் பெண்கள் வெல்டிங் வைக்கிறார்கள், ஓட்டுகிறார்கள், தவறு செய்து திருத்திக்கொள்கிறார்கள். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் நிதி ஒதுக்கும்போது முதல் அணிக்குப் போக மிஞ்சியதுதான் இவர்களுக்கு வருகிறது. பழைய எஞ்சின், பழைய டயர், மகளிர் தினத்தன்று மேடை. முதன்மை அணி மாறாமல் அப்படியே இருக்கிறது. கூடவே, பெண்களுக்கு வாய்ப்புத் தந்துவிட்டோம் என்ற சான்றிதழும் அதற்குக் கிடைத்துவிடுகிறது.

கிண்டி பொறியியல் கல்லூரியின் வரலாற்றில் ஒரு காகிதம் இருக்கிறது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அந்த நிறுவனத்தில் 1940களில்தான் முதன்முதலாகப் பெண்கள் பொறியியல் பட்டம் பெற்றார்கள். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு படிப்புக்குத் திரும்பிய ஏ. லலிதா மின் பொறியியல் படித்தார். அவர் தனியாக இருக்கக் கூடாது என்று வேறு பெண்களையும் கல்லூரி தேடிச் சேர்த்தது. லீலாம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் வந்தார்கள். திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். அன்று பட்டச் சான்றிதழில் ‘அவன்’ என்ற சொல் அச்சிலேயே இருந்தது. அதை அடித்துவிட்டு ‘அவள்’ என்று திருத்திக் கொடுத்தார்கள். ஒரு பெண் படிக்க வந்தால் அவளுக்குத் துணை தேவை என்று 80 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கல்லூரி யோசித்து, அதற்கான ஏற்பாட்டையும் செய்திருக்கிறது. இன்றைய கிளப்புகள் இந்த மூவரின் படத்தைப் பெண்கள் தினப் போஸ்டரில் போடுகின்றன. ஆனால் அச்சுப் படிவம் இன்னும் பழையதுதான். ஒவ்வொரு பெண்ணும் தன் வரியைத் தானே அடித்துத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே இனி மதிப்பிட அழைக்கும் கிளப்புகளிடம் நான் சில கேள்விகளை எழுத்தில் கேட்கப் போகிறேன். பட்டறைச் சாவி யார் யாரிடம் இருக்கிறது? கடந்த ஆண்டு மாலை ஆறு மணிக்குப் பிறகு நடந்த வேலையில் பெண்கள் எத்தனை மணிநேரம் இருந்தார்கள்? காரை ஓட்டிப் பார்த்தவர்களின் பட்டியல் எங்கே? பள்ளிக்குப் போன ஆண்கள் எத்தனை பேர்? போன பள்ளிக்கு இரண்டாம் முறை போனீர்களா? அங்கே பிள்ளைகள் எதையாவது கழற்றினார்களா? பங்குத் தொகை கட்ட முடியாதவர் உங்கள் அணியில் எத்தனை பேர்?

இதில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. பகலில் வாரம் இரண்டு வேளை பட்டறையைக் கிளப்புக்கு ஒதுக்கினால், கற்றுக்கொள்ளும் நேரம் இரவிலிருந்து வெளிச்சத்துக்கு வரும். பொறுப்புகளைச் சுழற்சி முறையில் வைத்தால், கணக்கு எழுதியவள் அடுத்த பருவத்தில் வெல்டிங் மேடையில் நிற்பாள், வெல்டிங் வைத்தவன் ஏழாம் வகுப்புக்கு முன்னால் நின்று திணறுவான். அந்தத் திணறல் அவனுக்கும் நல்லது. உடைந்தாலும் பரவாயில்லை என்று பத்து மலிவான ரோபோக்களைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வரலாம்.

எட்டு மணிக்குக் கிளம்பச் சொல்லும் அண்ணன்களிடம் எனக்குக் கோபம் இல்லை. கிளம்பும் முன் சாவியைக் கேளுங்கள் என்று இப்போது கிளப்பில் இருக்கும் தங்கைகளிடம் மட்டும் சொல்கிறேன். கேட்டதும் கொடுக்க மாட்டார்கள். ஏன் கொடுக்க முடியாது என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லட்டும். அந்தக் காரணத்தையும் ஆண்டறிக்கையில் ஒரு வரியாகச் சேருங்கள்.